உள்ளே இரண்டு, வெளியே ஒன்று

அந்தக் கோட்டை இருக்கும் ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே காவலுக்கு இருப்பவர் இன்னும் அதே வேலையில் இருக்கக்கூடும். புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, நாலு மைல் நடக்க வேண்டும் என்பது போதும்.

1958, மே மாதம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது. நான் புதுக்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். என் மனைவி ரம்லத் பீவி அதற்கு ஐந்து மாதம் முன்பு டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். பதினோரு நாள் காய்ச்சல். கல்யாணமாகி இரண்டே கால் வருடம். இதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் பக்கத்தில் வரும்போது பேச்சு நிற்கும்.

பள்ளிக்கூடம் நடந்தவரை பகல் கழிந்தது. விடுமுறையில் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. வீட்டில் இருந்தால் யாராவது வருவார்கள். வந்தவர்கள் உம்மாவிடம் தணிந்த குரலில் பேசுவார்கள். உம்மா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பாள். எனக்கு வேறெங்காவது இருக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் படித்த காலத்தில், நூலகத்தில் இருந்த பழைய சமஸ்தானப் புத்தகம் ஒன்றிலிருந்து கோட்டைகளின் பட்டியலை எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போகத் தொடங்கினேன்.

கோட்டைக்குப் போக அதிகம் தேவையில்லை. குடை, ஒரு பாட்டில் தண்ணீர், ரொட்டி. திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். போன இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவேன். கீழாநிலைக்கோட்டை: மதில் பாதி, முள் மீதி. இன்னோர் ஊரில் கோட்டை பெயரில் மட்டும் இருந்தது. ஊர்க்காரர்களைக் கேட்டால் "இதுதான் கோட்டை" என்று ஊரையே காட்டினார்கள். அதையும் எழுதினேன்.

ரம்லத்துடன் நான் பார்த்தது திருமயம் மட்டும்தான். உச்சி வரை ஏறி, பீரங்கியைச் சுற்றி வந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டு கேட்டாள்: "எல்லாஞ் சரி. சோறு எங்கன ஆக்குனாங்க?" எனக்குத் தெரியவில்லை. "இத்தன கல்லத் தூக்கி வச்சவனுக்கு ஒரு அடுப்பாங்கர கட்டத் தோணலயே. என்ன ராசா இவன்" என்றாள். கீழே இறங்கும் வரை அடுப்படியைத் தேடினாள்.

நான் சொல்ல வந்த கோட்டை திருமயத்தைவிடச் சிறியது. ஒற்றைப் பாறை, அதைச் சுற்றி இரண்டு வரிசை மதில், ஒரே வாசல். வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் நீள நோட்டு. பெயர் பெரியகருப்பன் என்று அவரே சொன்னார்.

"பேரு சொல்லுங்க சார்."

"ஹாஜா முகைதீன்."

ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். 'ஆசா மயிதீன்' என்று வந்தது.

"என்ன உத்தியோகங்க?"

"வாத்தியார். கணக்கு."

"அப்ப நோட்டப் பாத்தா ஒங்களுக்கே புரியும். உள்ள போறது எத்தன, வெளிய வாரது எத்தன. ரெண்டும் ஒத்துக்கணும். போன வருசம் ஒரு பய தேன் எடுக்கிறேன்னு மேக்குப் பாறையில ஏறி விழுந்துட்டான். அவன் உள்ள போனதே எனக்குத் தெரியாது சார். விசாரண, அது இதுன்னு ஆறு மாசம் லோல்பட்டேன். இன்னொண்ணு நடந்துச்சுன்னா நீ வீட்டப் பாக்கப் போயிரு பெரியகருப்பான்னு ஆபீசரு ஐயா சொல்லிட்டாரு. எட்டு வருசமா டெம்ப்ரவரி. வார மாசந்தான் பர்மனென்ட்டு போடுறேங்கிறாங்க. அதனால மேக்கால மட்டும் போயிராதீங்க."

வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லுவார் போலிருந்தது. நடுவில் எங்கும் மூச்சு விடவில்லை. அதற்குள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பெண்களும் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர் போல இறங்கி வாசலை அடைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் நோட்டைப் பிடித்து இழுத்தான். பெரியகருப்பன் அவர்களைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"எத்தன பேரு சார்?"

"ரெண்டு பேர்."

அவர் 2 என்று போட்டார். நான் உள்ளே போனேன்.

ஐந்தாறு படி ஏறிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார். வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். ஓர் எண்தானே என்று மேலே ஏறினேன்.

படிகள் நூற்றுப் பதினான்கு. உச்சியில் ஒரு பீரங்கி, பாறையில் வெட்டிய ஒரு சுனை. தண்ணீர் பச்சையாக இருந்தது. மேற்குப் பக்கம் மதில் நாலு கஜத்துக்கு இடிந்து, பாறை செங்குத்தாகக் கீழே இறங்கியது. அடியில் முள்ளுக்காடு. அதற்கப்பால் ஒரு கண்மாய், மே மாதத்துக் கண்மாய், வெறும் மண். வேனில் வந்த பிள்ளைகள் பீரங்கி வாயில் கையை விட்டார்கள். ஒருத்தி அவர்களை அதட்டிவிட்டுத் தானும் விட்டுப் பார்த்தாள். நான் கொத்தளத்தின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவர்கள் போனதும் கொஞ்ச நேரம் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மதிலின் மேல்வரிசைக் கற்களை எண்ணினேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன் இறங்கினேன். ஐந்து மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள். ஆறேகாலுக்கு ரோட்டில் பஸ்.

பெரியகருப்பன் எனக்குப் பின்னால் படிகளைப் பார்த்தார்.

"இன்னொருத்தர் சார்?"

"நான் மட்டும்தான்."

"ரெண்டுன்னு போட்ருக்கே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் நோட்டை என் பக்கம் திருப்பி அந்த 2-இன் மேல் விரலை வைத்தார். "வேன் ஆளுக பதிமூணு உள்ள, பதிமூணு வெளிய. நீங்க ரெண்டு. எண்ணி எண்ணிப் பாத்துட்டேன். தப்பா எப்பிடிங்க சொல்வீங்க? நாந்தான் கேட்டேன்ல, எத்தன பேருன்னு. நீங்கதான் ரெண்டுன்னீங்க." குரல் மெல்ல இறங்கியது. "சார், வீட்ல எங்க?"

எங்கள் பக்கம் மனைவியை 'வீட்ல' என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே பதில் சொன்னேன்.

"வீட்ல இல்ல."

"வீட்ல இல்லைன்னா இங்கனதான இருக்கணும்? ஒங்க சம்சாரத்தக் கேக்குறேன் சார்."

பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களாக இருந்தால் மௌத் என்று ஒரு சொல் போதும். அவருக்கு அது புரியுமா என்று தெரியவில்லை. பத்திரிகையில் காலமானார் என்று போடுவார்கள். அதை வாயால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. துக்கம் கேட்க வந்த பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சொல்லிக்கொண்ட சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன்.

"தவறிட்டாங்க."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாய் மட்டும் திறந்தது. "மேக்கயா?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. நோட்டு கீழே விழுந்தது. வாசலுக்கு வெளியே போய், மதிலை ஒட்டி வலப்புறமாக ஓடினார். ஓடும்போது செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுக்கவில்லை.

நான் நோட்டை எடுத்து மண்ணைத் தட்டினேன். துக்கச் செய்தி கேட்டால் மனிதர்கள் பல விதமாக நடந்துகொள்வார்கள். ஐந்து மாதத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடியவர் யாரும் இல்லை.

அந்த நேரம் ஒரு பெண் கையில் தூக்குச்சட்டியோடு வந்தாள். கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டு ஆளு செருப்புல்ல? என்ன தம்பி, ஆளு இப்பிடித் தலதெறிக்க ஓடுது?"

"தெரியலக்கா."

"ஒண்ணும் இல்லாமயா ஓடும்? நீங்க என்ன சொன்னீங்க?"

"என் சம்சாரம் தவறிட்டாங்கன்னு சொன்னேன்."

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "எங்கன இருந்து?" என்றாள்.

எங்கிருந்து என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செங்குத்துப் பாறையின் அடியில் நின்றுகொண்டு, நோட்டில் இரண்டு பேர் என்று எழுதச் சொல்லிவிட்டு, தனியாக இறங்கி வந்து, தவறிட்டாங்க என்று சொல்லியிருக்கிறேன்.

"போச்சு" என்றாள் அவள். "எட்டு வருசம். போச்சு. அது பயந்த மனுசன் தம்பி. மறைக்கத் தெரியாது. நேரா தலையாரிகிட்டப் போயி நிக்கும். அவரு சொல்லி மேல எழுதிட்டாகன்னா அம்புட்டுத்தான். அப்பறம் யாரு என்ன சொன்னாலும் கேக்க மாட்டாக." பிறகு அவளுக்கே உறைத்தது போலிருந்தது. "நீங்க பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கிறீங்க. நான் ஒருத்தி வேலயப் பேசிக்கிட்டு."

"அப்படி இல்லக்கா" என்றேன். அவர் தலையாரியிடம் போவதற்குள் பிடிக்க வேண்டும். நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன்.

"அங்கிட்டு இல்ல, அங்கிட்டு முள்ளு. இங்கிட்டுச் சுத்திப் போங்க" என்று அவள் சொன்னது பின்னால் கேட்டது.

மேற்குப் பாறையின் அடியில் பெரியகருப்பன் முள்ளுக்குள் நின்றிருந்தார். காக்கிச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. முன்கையில் இரத்தக் கோடுகள். கம்பால் புதரை விலக்கி விலக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தாயி. ஏ தாயி. கொரலு குடு ஆத்தா. ஒண்ணும் ஆகாது, நான் இங்கனதான் நிக்கிறேன். ஒரு கொரலு குடு."

நான் நின்றேன். சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வந்துட்டீங்களா? அந்த ஒடமரத்தடியப் பாருங்க. நான் இங்கிட்டுப் பாக்குறேன். என்ன கலரு சேல?"

"பச்ச" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று உடுத்தியிருந்த சேலை.

"பச்சன்னா தழைக்குள்ள தெரியாதே. நல்லாப் பாருங்க."

குடையால் முள்ளை விலக்கி உடைமரத்தடியில் பார்த்தேன். அங்கே இல்லை. அடுத்த புதரைப் பார்த்தேன். அவள் அங்கே இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடக்கிய இடத்தில் நான்தான் முதல் கைப்பிடி மண் போட்டேன். ஆனாலும் பார்த்தேன். நாலு புதர் பார்த்தேன். பெரியகருப்பன் ஒரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் பாறையை ஒட்டி முப்பது கஜம் தேடியிருப்போம்.

அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"நமக்கு முடியாது சார். நான் போயித் தலையாரியக் கூட்டியாரேன். பெட்ரோமாக்ஸ் வெளக்கு வேணும், ஆளு வேணும். நீங்க இங்கனயே நில்லுங்க."

"போகாதீங்க அண்ணே."

"போகாம? என் வேல போனாப் போகுது. பொம்பளப் புள்ள முள்ளுக்குள்ள கெடக்கு."

"மௌத்" என்றேன். முதலில் அந்தச் சொல்தான் வந்தது.

"என்னது?"

"செத்துப்போயிட்டா அண்ணே."

"பாத்துட்டீங்களா? எங்கன?" கம்பைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

"இங்க இல்ல. மார்கழியில. ஆஸ்பத்திரியில. காய்ச்சல்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு நான் விலக்கிப் பார்த்த புதரைப் பார்த்தார்.

"மார்கழியிலயா?"

"ஆமா."

"இங்கன யாரும் விழுகல?"

"இல்ல. நான் தனியாத்தான் வந்தேன். ரெண்டுன்னு வாயில வந்துருச்சு."

பெரியகருப்பன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். செருப்பில்லாத காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று முள். நாலாவது முள்ளைப் பிடுங்கியதும் பேசினார்.

"கணக்கு வாத்தியாரு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. புள்ளைகளுக்கு என்னத்தய்யா சொல்லிக் குடுக்குற?"

குடைத் துணியில் ஒட்டியிருந்த முள்ளைத் தட்டினேன்.

"தவறிட்டாகளாம். மலைக்குக் கீழ நின்னுக்கிட்டுச் சொல்ற சொல்லா அது? செத்துப்போச்சுன்னு சொன்னா வாயி வெந்தா போயிரும்?"

"சொல்ல வரல."

"வரலையாம்ல." முள்ளைத் தூர எறிந்தார். "அப்பறம் எதுக்குய்யா நீயும் சேந்து தேடுன? பச்சச் சேலைங்கிற. புதருக்குள்ள தலைய விட்டுப் பாக்குற. என்னையக் கிறுக்கனாக்கவா?"

அவர் கீழே போட்டிருந்த கம்பை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "புள்ளகுட்டி?" என்றார்.

"இல்ல."

"ம்" என்றார். கம்பை ஊன்றி எழுந்தார். "வாங்க. நோட்டுக்கு ஒரு வழி பண்ணணும்."

வாசலில் அவர் மனைவி நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். செங்கமலம் என்று அவளை அவர் கூப்பிட்டபோது பெயர் தெரிந்தது. விஷயத்தை அவர் சொன்னார். இரண்டே வார்த்தையில் சொன்னார்: "பழைய சாவு." அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

"அந்த ரெண்ட அடிச்சிட்டு ஒண்ணுன்னு போட்றேன்" என்றேன்.

"ஆத்தி, வேலையக் கெடுத்தீங்க" என்று தடுத்தார் பெரியகருப்பன். "அடிச்சு எழுதப்படாது. அடிச்சா நான் மாத்திட்டேன்னு ஐயா சொல்லுவாரு. ரெண்டு ரெண்டாவே இருக்கட்டும். அதுக்குக் கீழ நீங்க ஒங்க கையால எழுதிக் குடுங்க, என்ன நடந்துச்சுன்னு. பேனா இருக்குல்ல?"

இருந்தது. முக்காலியில் நோட்டை வைத்துக் குனிந்தேன்.

"பாத்து எழுதுங்க" என்றார் பெரியகருப்பன். "தவறிட்டாங்கன்னு போட்றாதீங்க. காலம் ஆயிருச்சுன்னும் போடாதீங்க, நேரம் ஆயிருச்சுன்னு நெனச்சுப்புடுவாரு. ஐயா படிக்கிறப்ப ஒரே அர்த்தந்தான் வரணும். அடிக்கவும் முடியாது. யோசிச்சுப் போடுங்க."

யோசித்தேன். மை காயத் தொடங்கியது. பேனாவை ஒருமுறை உதறினேன். பிறகு எழுதினேன்:

'இன்று கோட்டைக்கு வந்தது நான் ஒருவன். இரண்டு பேர் என்று நான் சொன்னது தவறு. என் மனைவி ரம்லத் பீவி 1957 டிசம்பர் 19-ஆம் தேதி இறந்துவிட்டாள். காவல்காரர் மேல் குற்றம் இல்லை.'

கையெழுத்துப் போட்டு, முகவரி எழுதினேன்.

"வாசிங்க. நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்."

வாசித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் குரல் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மற்ற வாக்கியங்களைப் போலவே அதுவும் போயிற்று.

"இன்னொருக்கா" என்றார். வாசித்தேன். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார். "போதும். ஒரே அர்த்தந்தான்."

நோட்டை மடக்கிச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு படிகளில் ஏறத் தொடங்கினார்.

"எங்க போற? அதான் எழுதிக் குடுத்துட்டாருல்ல?" என்றாள் அவள்.

"எழுதிட்டாரு. நோட்டுல ரெண்டுன்னு இருக்குல்ல? பாக்காமப் பூட்டுனா நான் எப்பிடிக் கட்டையச் சாய்க்கிறது?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒங்கள நம்பாம இல்ல."

"போய்ட்டு வாங்க" என்றேன்.

நானும் செங்கமலமும் கீழே நின்றோம். அவள் தூக்குச்சட்டி மூடியில் மோர் ஊற்றி நீட்டினாள். அவருக்குக் கொண்டுவந்தது. வாங்கிக் குடித்தேன். உப்பு கூடுதலாக இருந்தது.

மேலிருந்து பெரியகருப்பன் குரல் வந்தது. முதலில் கிழக்கு மதிலில். "யாரும் இருக்கீங்களா?" பிறகு தெற்கே. பிறகு சுனைப் பக்கம், அங்கே குரல் தண்ணீரில் பட்டுத் திரும்பியது. மேற்கே நின்று இரண்டு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் கொஞ்சம் நேரம் விட்டார். நானும் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நூற்றுப் பதினான்கு படியும் இறங்கி வர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒரு காலை வைக்க முடியாமல் வைத்து வந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"மேல யாரும் இல்லங்க" என்றார்.

"சரிங்கண்ணே" என்றேன்.

வாசல் கதவு இரட்டைக் கதவு. ஒன்றை அவர் தள்ளினார். அவருக்குக் கால் ஊன்ற முடியாததால் மற்றதை நான் தள்ளினேன். கனமாக இருந்தது, தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, நோட்டை வாங்கி, 'வெளியே' என்ற கட்டத்தில் 1 என்று எழுதினார்.